அரை டெசிபல்

ஜனவரி.
வெளியே பூஜ்ஜியத்துக்குக் கீழே இருபத்தெட்டு.
இலோமன்சியிலிருந்து நாற்பது நிமிடம் காட்டுவழி,
பிள்ளைகள் போதாமல் மூடிய பள்ளிக்கூடம்.
ஆசிரியர் மேசைமேல் மூன்று ப்ரீஆம்ப்.

ஒன்று என்னுடையது.
இன்னும் ஏழு தவணை பாக்கி.
ஒன்று வானொலி நிலையம் கழித்துப்போட்டது,
ஆர்மஸ் பழுது பார்த்தான்.
உள்ளே டிரான்ஸ்பார்மர்; தூக்கினால் குழவிக்கல் கனம்.
மூன்றாவது வால்வு வைத்தது, வாடகைக்கு.
சுவிட்சைப் போட்டு
அரை மணி காத்திருந்தால்தான் வாயைத் திறக்கும்.

தெர்ஹியின் கந்தேலேக்குப் பத்தே கம்பி.
மடியில் வைத்து வாசிப்பாள்.
பக்கத்தில் ஒருவன் தாடியைச் சொறிந்தால்
எது வாத்தியம் என்று மைக் தடுமாறும்,
அவ்வளவு சின்னக் குரல்.

சின்னக் குரலைப் பெரிதாக்குவதுதான்
இந்தப் பெட்டிகளுக்கு வேலை.
பெரிதாக்கும் சாக்கில் தானும் ஒரு வார்த்தை பேசிவிடும்:
ஸ்ஸ் என்று,
தூரத்தில் யாரோ பனிச்சறுக்கிப் போவதுபோல.
அறுபத்தைந்து டெசிபல் ஏற்றியபின்
பாட்டு எது பெட்டி எது என்று
பாலையும் நீரையும் பிரிக்க வேண்டும்.
அன்னம் பிரிக்குமென்று எங்கோ ஒரு நாட்டில் சொல்வார்களாம்.
எங்கள் அன்னங்கள்
அக்டோபரிலேயே தெற்கே போய்விட்டன.

பெயரைப் பார்த்துக் கேட்காதே என்றான் ஆர்மஸ்.
மைக் கம்பியை மூன்றாகப் பிரித்தான்,
பெட்டிகளுக்குக் கம்பளி போர்த்தினான்.
சிவப்பு நாடா. நீல நாடா. நாடா இல்லாதது.
தெர்ஹி ஒரு மெட்டை வாசித்துவிட்டு
காபி போடப் போனாள்.
நான் ஹெட்போனோடு சுவரைப் பார்த்து உட்கார்ந்தேன்.

நீலம் என்றேன். யோசிக்கவே இல்லை.
நீலத்தில் மரம் தெரிகிறது,
கம்பிக்கும் பலகைக்கும் நடுவே இருக்கும் காற்று தெரிகிறது,
இன்னும் என்னென்னவோ சொன்னேன்
ஒயின் விற்பவனைப்போல.

ஆர்மஸ் மீட்டரைப் பார்த்தான்.
நீலம் அரை டெசிபல் சத்தம் கூட.
அவ்வளவுதான் விஷயம்.

அளவைச் சமமாக்கி மறுபடி ஓட்டினான்.
இருபத்திரண்டு வருடம் சம்பளம் வாங்கிய என் காது
திருதிருவென விழித்தது.

அதன்பின் சண்டை.
அவன் டிரான்ஸ்பார்மர் என்றான், நான் இல்லையென்றேன்,
வால்வுக்காக யாரும் பேசவில்லை,
வாடகை மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.
கோப்பையோடு வந்து நின்ற தெர்ஹி கேட்டாள்:
'எல்லாவற்றுக்கும் அடியில் ஒருத்தர் உறுமுகிறாரே,
அவர் யார்?'

நாங்கள் மூன்று பெட்டிகளையும் சந்தேகமாய்ப் பார்த்தோம்.
அவள் போய்
சுவரிலிருந்த ஹீட்டரை அணைத்தாள்.

அப்புறம் வந்தது ஓர் அமைதி.
ரத்தம் ஓடுவது காதில் கேட்டது.
அந்த அமைதியில்தான் பெட்டிகளின் குட்டு வெளிப்பட்டது:
நீலம் சீறியது, சிவப்பு முனகியது,
நாடா இல்லாதது
எள்ளளவு குறைவாக.
கம்பளியை எடுத்தால், அது என்னுடையது.
ஏழு தவணைக்கும் ஓர் ஆறுதல்.

அந்த ஆறுதலும் ரொம்ப நேரம் இல்லை.
தெர்ஹி கால் இடறி
மைக் ஒரு சாண் நகர்ந்தது, அவள் மோதிரவிரல் பக்கமாக.
மூன்று பெட்டியும் சேர்ந்து செய்யாததை
அந்த ஒரு சாண் செய்தது.
அப்படியே விடு என்று இருவரும் ஒரே நேரத்தில் கத்தினோம்.

ஹீட்டர் இல்லாத அறை சீக்கிரம் ஆறியது.
கம்பி இறுகிச் சுருதி ஏறியது,
பாட்டுக்குப் பாட்டு அவள் இறக்கிக்கொண்டே இருந்தாள்.
நான்காவது பாட்டில் வாயிலிருந்து ஆவி.
ஐந்தாவதில் விரல் மரத்துத் தப்பான கம்பி.
நிறுத்துவோமா என்றேன்.
அவள் பதில் சொல்லாமல் மேசைக்கு வந்து
வால்வுப் பெட்டியின் முதுகில்
இரண்டு உள்ளங்கையையும் வைத்துக்கொண்டாள்.
கண்ணை மூடினாள்.
போய் ஆறாவதை வாசித்தாள்.

மொத்தம் பதினொன்று.
ஒவ்வொன்றுக்கும் இடையில் அந்தப் பெட்டி.

திங்கட்கிழமை திருப்பிக் கொடுக்கப் போனேன்.
எப்படி இருந்தது என்றான் கடைக்காரன்.
கதகதப்பு என்றேன்.
எல்லோரும் அதைத்தான் சொல்கிறார்கள் என்று
ரசீதில் கையெழுத்துப் போட்டான்.